சிவப்புக் கோட்டுக்கு வெளியே

நோரீன் கிரீன்வுட் வீடு தேடிய வருஷம் அவளுக்கு அழகு வேண்டாம், தோட்டம் வேண்டாம், பெரிய சமையலறையும் வேண்டாம். வாசலில் படி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். யார்க்‌ஷயரில் அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும். அங்கே வீடுகள் எல்லாம் மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பால் வாங்கப் போனாலும் படி, தேவாலயத்துக்குப் போனாலும் படி. வீட்டுத் தரகர்கள் அவள் கேட்டதை அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள். குறித்த காகிதத்தை என்ன செய்தார்களோ, எட்டு மாதம் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

எல்லாம் அவள் கணவர் நெவிலுக்காக. முப்பத்தொரு வருஷம் அந்த மலைச்சாலைகளில் பஸ் ஓட்டிய மனுஷர். ஒரு நாள் காலை ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது, இரண்டு மூன்று வார்த்தையாக, அதுவும் இழுத்து இழுத்து. கால் வரவில்லை. அவர்கள் இருந்ததோ நெட்டுக்குத்தாக எழும்பிய பழைய கல்வீடு, குளியலறை மாடியில். ஆகவே நெவிலை பக்கத்து ஊரான ஹாலிஃபாக்ஸில் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அறுபத்து மூன்று வயதில், தொண்ணூறு வயதுக் கிழவிகள் நடுவே, நாள் முழுக்கத் தொலைக்காட்சி அலறும் கூடத்தில். நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்ததும் தினமும் பஸ் ஏறிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது அவர் ஒரே வார்த்தைதான் கேட்பார்.

"வீடு?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் நெவில்."

வீட்டைச் சரிபார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நாற்காலி தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வருகிற வாசல் ஒன்று இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். சட்டம் அப்படி.

ஒன்பதாம் மாதம் வில்ஃப் ஹெலிவெல்லின் வீடு விற்பனைக்கு வந்தது. ஒரே தளம், அகலமான கதவுகள். சாலைப் பக்கமிருந்து பார்த்தால் படிதான்: இரண்டு சுவர்களுக்கு நடுவே இருபத்து மூன்று கல்படி, செங்குத்தாக, நடுவில் ஒரு திருப்பம் வேறு. நோரீன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகத்தான் இருந்தாள். மேலேயிருந்து வில்ஃப் கையை ஆட்டினார். எண்பது வயது, சிவந்த முகம், தொளதொளத்த கம்பளிச் சட்டை.

"அங்க ஏன் நிக்கிற கண்ணு? சுத்திக்கிட்டுப் பின்னால வா. அந்தப் படியில தபால்காரன் மட்டுந்தான் ஏறுவான். நாப்பது வருஷமா நான் பின்வழியாத்தான் வர்றேன்."

பின்னால் போனால் வேறு உலகம். மேட்டுச் சாலையிலிருந்து பிரிந்து, புல்வெளி ஓரமாகச் சமதளமாக ஓடி வந்து, சமையலறைக் கதவுக்கு நேரே ஒரு பச்சைக் கேட்டில் முடிந்தது ஒரு வண்டிப்பாதை. கதவு வரை ஓர் அங்குல மேடு கிடையாது. நோரீன் கேட்டிலிருந்து கதவு வரை நடந்து, திரும்ப ஒரு தடவை நடந்து பார்த்தாள். மறுவாரம் காப்பக வண்டியில் நெவிலையும் ஆஸ்பத்திரி அம்மாளையும் கூட்டி வந்தாள். வில்ஃபே கேட்டைத் திறந்தார். வில்ஃபே நாற்காலியைப் பிடித்து உள்ளே தள்ளினார். "உள்ள வாப்பா டிரைவர், உன் பஸ்ல நான் எத்தனை தடவ வந்திருப்பேன்" என்று நெவிலின் தோளைத் தட்டி, தானே செய்த இஞ்சி போட்ட பார்கின் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தார். நெவில் இடது கையால் இரண்டு துண்டு தின்றார். ஆஸ்பத்திரி அம்மாள் பின்வாசலை அளந்து பார்த்து, தன் படிவத்தில் சரி என்று கோடு போட்டாள். அத்தனை பேர் பார்த்தார்கள் அந்தப் பாதையை. பார்க்க வேண்டிய ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் வீடு கைமாறுவதென்றால் பத்திர வேலைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். விற்கிறவருக்கு ஒருவர், வாங்குகிறவருக்கு ஒருவர். கன்வேயன்சர் என்று பெயர். நம் வாயில் சொன்னால் பத்திரக்காரர். வில்லங்கம் பார்ப்பது, எதிர்ப்பக்கத்துக்குக் கேள்வி எழுதுவது, ஒப்பந்தம் எழுதி முடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் வீட்டை வந்து பார்ப்பது அவர் பொறுப்பு இல்லை. வருவதே இல்லை. ஒரு பத்திரக்காரர் ஆயிரம் வீடு கைமாற்றியிருப்பார், அதில் ஒன்றின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். வாங்குகிறவர் வீட்டைப் பார்ப்பார், காகிதத்தைப் பார்க்க மாட்டார். பத்திரக்காரர் காகிதத்தைப் பார்ப்பார், வீட்டைப் பார்க்க மாட்டார். இப்படித்தான் அந்த நாட்டில் கோடிப் பேர் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மேவிஸ் சொன்னாள்.

"பத்திர வேலைக்கு க்ராப்ட்ரீ கிழவர்கிட்ட போடி. மார்க்கெட்டுக்கு எதிர்ல மாடில இருக்காரே, அவர்தான். மெதுவாத்தான் செய்வாரு, மூக்கு உறிஞ்சிக்கிட்டே இருப்பாரு. ஆனா எங்கக்கா வாங்கினப்போ பிளானை மேஜைல விரிச்சுப் போட்டு, 'விரல வச்சுக் காட்டும்மா, எந்த வழியா வீட்டுக்குள்ள போவே'ன்னு கேட்டாராம். அக்கா சிரிச்சாளாம். இவரு சிரிக்கலையாம்."

"மெதுவாச் செய்ய நேரம் இல்ல மேவிஸ். வில்ஃப் ஜூனுக்குள்ள கடலோரத்துக்குப் போகணுங்கறாரு. எங்க வீட்ட வாங்கற பிள்ளைங்களும் ஜூன்ங்குதுங்க. ஒருத்தர் இழுத்தா எல்லாம் அறுந்து போகும்."

"நீ நாப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தவ. ஒனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுன்னுதானே ஆள் வைக்கறேன்."

தரகர் ஆபீஸில் அட்ரியன் என்ற இளைஞன் எல்லாவற்றையும் சுலபமாக்கிக் கொடுத்தான். கூரான ஷூ, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. "எங்களோட எப்பவும் வேலை செய்யற கம்பெனி மேடம். எல்லாம் போன்லயும் கம்ப்யூட்டர்லயுமே முடிஞ்சுரும். நீங்க ஆபீஸ் படி ஏறவே வேண்டாம்." படி ஏற வேண்டாம் என்றதும் நோரீன் சரி என்றுவிட்டாள். எந்தப் படியைச் சொல்கிறான் என்று யோசிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

பத்திரக்காரியின் பெயர் ஜெம்மா. தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லாத ஒரு ஊரில் உட்கார்ந்திருந்தாள். குரல் நல்ல குரல். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வாள். அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்னால் நோரீனை அதிகம் எரியவைத்தது இதுதான்.

"வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்க வேண்டியது இருக்கா மேடம்? இந்த வீட்டுல உங்களுக்கு முக்கியமா எது வேணும், ஏன் இந்த வீடு, அந்த மாதிரி?"

நோரீன் வாயைத் திறந்தாள். நெவில், நாற்காலி, காப்பகம், இரவில் அவர் அழுவதாக நர்ஸ் சொன்னது, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. முன்பின் தெரியாத பெண்ணிடம் போனில் குடும்பக் கஷ்டத்தைக் கொட்டுவதா? அந்தப் பள்ளத்தாக்கில் அப்படி யாரும் செய்வதில்லை. பல் வலியில் துடித்துக்கொண்டிருந்தாலும், எப்படி இருக்கிறாய் என்றால் பரவாயில்லை என்பார்கள். கஷ்டத்தைச் சொன்னால் பரிதாபம் கேட்கிற மாதிரி ஆகிவிடும். அவள் அம்மா அப்படித்தான் வளர்த்தாள், அவள் அம்மாவின் அம்மாவும் அப்படித்தான்.

"இல்லம்மா. எங்க ரெண்டு பேருக்கும் போதுமான வீடு. அவ்வளவுதான்" என்றாள் நோரீன்.

மே மாதக் கடைசியில் கனத்த உறை ஒன்று வந்தது. நூற்று நாற்பது பக்கம். அடியில் நிலக்கரிச் சுரங்கம் ஓடவில்லை, வெள்ளம் வராது, சாக்கடை இன்னாருடையது என்று பக்கம் பக்கமாக. நடுவில் ஒரு வரைபடம். அதில் வீட்டைச் சுற்றிச் சிவப்புக் கோடு. கூடவே ஜெம்மாவின் கடிதம்: இந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு இடத்தைச் சுற்றி நடந்து, நீங்கள் வாங்குவதாக நினைப்பது எல்லாம் சிவப்புக் கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருக்கிறது என்று கையெழுத்திட்டு அனுப்பவும். நாங்கள் இடத்தை வந்து பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை அது. வெள்ளிக்குள் அனுப்பாவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்று அட்ரியன் இரண்டு தடவை போன் செய்துவிட்டான். இன்னும் குடியிருக்கிற மனுஷன் வீட்டைச் சுற்றிக் கையில் காகிதத்தோடு நடப்பதாவது? வில்ஃப் என்ன நினைப்பார்? அவரை நம்பவில்லை என்றல்லவா ஆகும். நோரீன் உறையைக் காப்பகத்துக்கு எடுத்துப் போனாள். பிஸ்கட் டின் மூடிமேல் வரைபடத்தை வைத்துப் பார்த்தாள். கோடுகள், எண்கள், வடக்கு எது என்று ஓர் அம்புக்குறி. சிவப்புக் கோடு வீட்டைச் சுற்றி ஒழுங்காகத்தான் ஓடியது. பேனாவை எடுத்தாள்.

நெவில் அந்தத் தாளைப் பார்த்தார். பஸ் ஓட்டிய காலத்தில் வழித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர். மாற்றுப்பாதை அறிவிப்பைப் படிக்காமல் கிளம்பும் டிரைவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"பாத்தியா?"

"ஜெம்மா பாத்துருப்பா. அதுக்குத்தானே அவ இருக்கா."

"நீ?"

"பாத்தேன், பாத்தேன்" என்று நோரீன் கையெழுத்தைப் போட்டாள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் எல்லாருக்கும் ஒரே நாளில், சாவிகள் கைமாறின. வில்ஃப் சமையலறையில் ஒரு பார்கின் கேக்கும் வாழ்த்து அட்டையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். பத்து நாள் கழித்து நெவில் வந்தார். பச்சைக் கேட் வழியாகச் சக்கரம் உள்ளே உருண்டபோது அவர் கதவு நிலையைத் தொட்டார், சுவரைத் தொட்டார், சமையலறை மேஜையைத் தொட்டார். நோரீன் கெட்டிலைப் போட்டுவிட்டு அவருக்கு முதுகு காட்டி நின்று அழுதாள்.

ஐந்து வாரம் நன்றாக இருந்தார்கள். இதைச் சொல்லாமல் விட முடியாது. தினமும் காலை பத்து மணிக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதை வழியாக மேட்டுச் சாலைக்குப் போவாள். அங்கே பஸ் நிறுத்தம். நெவிலுக்குத் தெரிந்த டிரைவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். ஒருத்தன் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து, "என்னண்ணே, என் ஓட்டம் எப்படி?" என்பான். "மோசம்" என்பார் நெவில். பஸ் முழுக்கச் சிரிக்கும். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலையில் சவரம் செய்துகொண்டார்.

ஜூலைக் கடைசியில் கடிதம் வந்தது. வீடு கட்டும் கம்பெனி ஒன்றின் வக்கீல்கள் எழுதியிருந்தார்கள். புல்வெளியையும் வண்டிப்பாதையையும் தங்கள் கட்சிக்காரர் திரு. ஹெலிவெல்லிடமிருந்து வாங்கிவிட்டார். பதினெட்டு வீடுகள் வரப்போகின்றன. உங்கள் வீட்டுக்கு அந்தப் பாதையில் எந்தப் பாத்தியதையும் இல்லை. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வேலி போடப்படும்.

நோரீன் மூன்று முறை படித்தாள். பிறகு அந்தக் கனத்த உறையைத் தேடி எடுத்து, வரைபடத்தை உருவி, பின்வாசலுக்குப் போனாள். ஜெம்மா மே மாதம் செய்யச் சொன்னதை ஜூலையில் செய்தாள். விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே நடந்தாள். இடப்பக்கச் சுவர் சரி. வலப்பக்கச் சுவர் சரி. பின்பக்கம் கோடு சமையலறைக் கதவிலிருந்து ஆறடி தள்ளி, பச்சைக் கேட்டுக்கு இந்தப் பக்கமே திரும்பிவிட்டது. கேட் கோட்டுக்கு வெளியே இருந்தது. பாதையும் வெளியே. தொண்ணூற்றேழாம் பக்கத்தில் ஒரு வரி: வீட்டுக்குப் பொதுச்சாலையிலிருந்து முன்படிகள் வழியாக நேரடி வழி உண்டு; வேறு எந்த வழியும் இந்த விற்பனையில் சேராது.

ஜெம்மாவைக் கூப்பிட்டாள். இசை ஓடியது, ஓடியது, ஜெம்மா வந்தாள். கோப்பைப் பார்த்தாள்.

"மேடம், வீட்டுக்குச் சாலையிலேருந்து வழி இருக்கான்னு பாக்கறது என் வேலை. இருந்துது. முன்படி."

"எங்க வீட்டுக்காரர் சக்கர நாற்காலிம்மா. அவரை எப்படி அந்தப் படியில..."

"அதை நீங்க எங்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லலையே." அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை, உண்மையிலேயே வருத்தப்பட்டாள். "சொல்லியிருந்தீங்கன்னா முதல் கேள்வியே அதைத்தான் எழுதியிருப்பேன். முக்கியமா என்ன வேணும்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?"

நோரீனுக்கு ஞாபகம் இருந்தது.

"வழக்குப் போடலாமா?"

"போடலாம். வருஷக்கணக்காகும். ஒப்பந்தத்துல அந்த ஒரு வரி இருக்கறதால நம்ம பக்கம் பலமே இல்ல. நீங்க கையெழுத்துப் போட்டதும் இருக்கு. ரொம்ப சாரி மேடம்."

முன்படியில் சாய்வுப்பாதை போட முடியுமா என்று பார்க்க நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்தான். கீழே நின்று டேப்பை நீட்டி, கணக்குப் போட்டு, தலையைச் சொறிந்தான். "போடணும்னா அது அடுத்த தெரு வரைக்கும் போகும்மா" என்றான். சுவர்களுக்கு நடுவே திருப்பத்தில் படியேற்றும் இயந்திர நாற்காலியும் நுழையாதாம். வழிவிடக் கேட்டபோது கட்டடக் கம்பெனிக்காரன் மரியாதையாகத்தான் பேசினான். அவள் கேட் இருக்கிற இடத்தில் ஏழாம் எண் வீட்டின் தோட்டம் வருகிறது, விற்றாகிவிட்டது என்றான்.

கடைசியாகத்தான் வில்ஃபைக் கூப்பிட்டாள். மனசு ஆறாமல்.

"நீங்கதானே கேட்டைத் திறந்தீங்க வில்ஃப். நீங்கதானே அவரைத் தள்ளிக்கிட்டு வந்தீங்க. நாப்பது வருஷமா அந்த வழிதான்னு சொன்னீங்களே."

"ஆமா கண்ணு. பொய்யா? நாப்பது வருஷம் அப்படித்தான் வந்தேன்." பின்னால் கடல்காக்கைகள் கத்துவது கேட்டது. "அது என் பாதை, நான் வந்தேன். புல்வெளிய விக்கறதுன்னு போன வருஷமே பேச்சு. பாதை இல்லாம அதை எவன் வாங்குவான்? எல்லாத்தையும் பிளான்ல போட்டு உன் பத்திரக்காரிக்கு அனுப்பிச்சேனே. எதையும் மறைக்கலையே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலையே கண்ணு" என்றார் வில்ஃப், அதே அன்பான குரலில். "டிரைவர் எப்படி இருக்கார்?"

அவள் பதில் சொல்லாமல் போனை வைத்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் அவள் வயசில் ஒருத்தி அப்படிச் செய்வது பெரிய விஷயம். ஆனால் அதனால் என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை.

வழி ஒன்றுதான் இருந்தது. வேலி வருவதற்கு முன் வீட்டை விற்றுவிட்டு வேறு வீட்டுக்குப் போவது. நெவிலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வரைபடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அதை அவளிடமே திருப்பி நீட்டினார். திட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அட்ரியன் வந்தான். அவனிடம் கடிதத்தைக் காட்டினாள். படித்துவிட்டு, சரிதான் என்பதுபோல் மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"வர்றவங்ககிட்ட இதப் பத்தி நீங்க பேச வேண்டியதே இல்ல மேடம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"சேச்சே. கேட்டா சொல்லுங்க. கேக்காட்டி நீங்க ஏன் சொல்லணும்? விலை பேசி முடிஞ்சப்புறம் இந்தக் கடிதம் மத்த தாளோட தாளாப் போகும். அவங்க பத்திரக்காரங்க பாத்துப்பாங்க. அதுக்குத்தானே அவங்க இருக்காங்க." அவன் பல் தெரியச் சிரித்தான். "கேட் மட்டும் திறந்தே இருக்கட்டும். ஆகஸ்ட்ல இந்த வாசல் ரொம்ப அழகா இருக்கு."

மூன்று பேர் வந்து, படியைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். நாலாவதாக ஜில் என்று ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசு இருக்கும், நூலகத்தில் வேலை. அட்ரியன் சொல்லியிருப்பான் போலும், நேரே பின்வழியாகவே காரைக் கொண்டுவந்து கேட் அருகே நிறுத்தினாள். காரில் அவள் அம்மா இருந்தாள். நடைக்கு உதவும் அலுமினியச் சட்டகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாளாம். படி ஏறினால் விழுந்துவிடுவாளாம்.

ஜில் கேட்டைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு வருஷமாத் தேடறேங்க. எல்லா வீட்லயும் படி. இந்த வாசல் ஒண்ணு போதும் அம்மாவுக்கு. எனக்கு உள்ள பாக்கக்கூட வேண்டாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாரி. இன்னிக்கே விலை சொல்லிடட்டுமா?"

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. யாருடைய பாதை என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை; நோரீனுக்குத் தோன்றவில்லை, அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றும்? சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நெவில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. "சரி" என்று நோரீன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சத்தைத் தாள் பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண்ணுடைய ஜெம்மா எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறாளோ, தொண்ணூற்றேழாம் பக்கத்தை அவள் பார்ப்பாள், அல்லது பார்க்க மாட்டாள். காரிலிருந்த கிழவி கண்ணாடியை இறக்கி, "நல்லாருக்கா ஜில்?" என்றாள்.

"இந்த வழி வீட்டோட சேர்ந்தது இல்லம்மா" என்றாள் நோரீன். "செப்டம்பர்ல அடைச்சுருவாங்க. அப்புறம் முன்னால இருபத்து மூணு படிதான்."

ஜில் கேட்டிலிருந்து கையை எடுத்தாள். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. நோரீனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லாட்டி நான் செத்திருப்பேன்" என்றாள். காரில் ஏறி, அம்மாவிடம் ஏதோ சொல்லி, பாதை வழியாகப் போய்விட்டாள்.

அட்ரியன் அன்று மாலையே கூப்பிட்டான். இனி யாரையும் அனுப்பிப் பயனில்லை என்றான், ஊரெல்லாம் தெரிந்துபோகும் என்றான். நோரீன் கவலைப்படவில்லை. பல வாரத்துக்கப்புறம் அன்றுதான் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. மேவிஸிடம் சொன்னபோது, "உன்னைப் போல எத்தனை பேருக்கு வரும்டி" என்று மேவிஸ் முதுகைத் தட்டினாள். அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தோம் என்று மூன்று வாரம் நோரீன் கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தாள்.

செப்டம்பர் முதல் தேதி திங்கட்கிழமை. முந்தின நாள் பஸ் நிறுத்தத்துக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். இனி மாதம் ஒருமுறை ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் வந்து நெவிலைப் படிவழியாகத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் தூக்கி வருவார்கள். அதற்கு மேல் வெளியே போக வழியில்லை. ஆஸ்பத்திரி அம்மாள் சங்கடத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தாள், வேண்டுமென்றால் காப்பகத்தில் இடம் இருக்கிறதென்று.

எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். பச்சைக் கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். நாகரிகமானவர்கள், "கேட் வேணும்னா வச்சுக்கங்கம்மா" என்றார்கள். கம்பங்களை நட ஆரம்பித்தார்கள். நெவில் வழக்கம்போல் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மணி பத்து. நோரீன் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணு..." என்றார் நெவில். வார்த்தை நின்றது. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். "அவ... கேட்டாளா?"

ஜில்லைத்தான் சொல்கிறார் என்று நோரீனுக்குப் புரிந்தது.

"இல்ல நெவில். கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். பிறகு இடது கையால் சக்கரத்தைப் பிடித்து, தானே சிரமப்பட்டு நாற்காலியைத் திருப்பி, ஜன்னலுக்கும் அவளுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார். தேநீர் அப்படியே இருந்தது. வெளியே ஆட்கள் அடுத்த கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.